மேலே சும்மாதானே கிடக்கிறது

(கட்டடப் பொறியாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், கொத்தனார்கள், கடை உரிமையாளர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வணிகக் கட்டடங்களில் நான் பார்த்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அஸ்திவாரத்தில் தொடங்கினால் ஒரு மாலைப்பொழுது போதாது. அதனால் உச்சிக்குப் போய்விடுகிறேன். கூரையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் கடைவீதிகளில் கூரை என்றால் பெரும்பாலும் மொட்டை மாடி. கிடங்கு, ஆலை, கல்யாண மண்டபம் என்றால் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ. இரண்டின் மேலும் ஏறி இறங்கித்தான் என் பிழைப்பு நடக்கிறது.

ஒழுகுகிறது என்று கூப்பிடுவார்கள். போனதும் நான் கேட்பது மாடிக் கதவின் சாவியை. காவலாளியிடம் இருக்காது. மேலாளரைக் கேட்டால், மூன்றாம் மாடியில் இருந்த பழைய வாடகைக்காரர் பூட்டினார், அவர் காலி செய்து போய்விட்டார் என்பார். கட்டட உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார். கடைசியில் பூட்டை உடைத்துத்தான் மேலே போக வேண்டியிருக்கும். தரைத்தளத்தில் ஒரு சதுர அடிக்கு எவ்வளவு வாடகை என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிற மனிதர், தன் கட்டடத்தின் உச்சியை எத்தனையோ வருடமாகப் பார்த்ததே இல்லை. வீட்டு மாடியில் வடாம் காயப் போடவாவது யாராவது ஏறுவார்கள். கடைக் கட்டடத்து மாடிக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது.

ஆனால் மேலே போனால் அது காலியாக இருக்காது. தண்ணீர்த் தொட்டி, ஏசியின் வெளி யூனிட்டுகள், சூரியத்தகடு, செல்போன் கோபுரம், விளம்பரப் பலகைக்கு இரும்புச் சட்டம், ஊழியர் சாப்பிட ஷீட் போட்ட கொட்டகை, உடைந்த நாற்காலி, போன தேர்தலின் பேனர், கட்டுக் கட்டாகப் பழைய கணக்குப் புத்தகம். ஒவ்வொன்றையும் வைத்தவர் ஒரே காரணத்தைத்தான் சொல்லியிருப்பார்: மேலே சும்மாதானே கிடக்கிறது. நான் பார்த்த கூரைக் கேடுகளில் பெரும்பகுதி இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

மேலே எதுவும் சும்மா கிடக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு நம் இந்தியத் தரக் குறியீடு வைத்திருக்கும் மேற்பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஆள் போகாத கூரை என்றால் அதில் பாதி. தளத்தின் சொந்த எடையும் மேல் பூச்சும் இதில் சேராது. ஆள், பொருள், தண்ணீர் எல்லாமே இந்த 150 கிலோவுக்குள் அடங்க வேண்டும். 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அது உட்காரும் இடம் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து அதன் மேல் வைத்தால் தாங்கும். பிளம்பருக்குக் குழாய் எங்கே கிட்டமோ அங்கே வைத்தால் தளத்தின் நடுவயிற்றில்தான் உட்காரும்.

தொட்டியைக்கூட விடுங்கள். தண்ணீரே பாரம்தான். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 10 கிலோ. 15 சென்டிமீட்டர் நின்றால், அதாவது ஒரு முழத்தில் பாதிகூட இல்லை, 150 கிலோ வந்துவிட்டது. தளத்துக்கு ஒதுக்கிய மேற்பாரம் அத்தோடு தீர்ந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் பெய்தது. வடிகுழாய் அடைத்திருந்த ஒரு மாடியில் அவ்வளவும் நின்றிருந்தால் சதுர மீட்டருக்கு 490 கிலோ. பெரும்பாலான மாடிகள் தப்பியதற்குக் காரணம் தண்ணீர் ஏதோ ஒரு வழியாக இறங்கிவிட்டதுதான். சில இடங்களில் படிக்கட்டு வழியாக இறங்கி லிஃப்ட் குழிக்குள் போனது.

கூரைப் பாரம் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் தென்கொரியத் தலைநகர் சியோலில் இருக்கிறது. சம்பூங் என்ற ஐந்து மாடிப் பல்பொருள் அங்காடி. 1995 ஜூன் 29 மாலையில் இடிந்து விழுந்தது. 502 பேர் இறந்தார்கள்; 900க்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கட்டும்போதே பல தவறுகள் நடந்திருந்தன. தூண்களை மெலியவைத்தார்கள், கம்பியைக் குறைத்தார்கள், முதலில் திட்டத்தில் இல்லாத ஐந்தாம் மாடியை ஏற்றி அதில் உணவகங்களை வைத்தார்கள். அத்தனையையும் மீறிக் கட்டடம் சில வருடம் நின்றது. இடிவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பு ஒரு காரியம் செய்தார்கள். கூரைமேல் இருந்த மூன்று பெரிய குளிர்சாதன எந்திரங்களின் சத்தம் தாங்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்ததால், அவற்றை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினார்கள். கிரேன் வைத்துத் தூக்கவில்லை. உருளைகளில் ஏற்றித் தளத்தின் மேலேயே இழுத்துக்கொண்டு போனார்கள். போன வழியில் தளம் விரிசல் விட்டது. பிறகு எந்திரம் ஓடும்போதெல்லாம் அந்த அதிர்வில் விரிசல் வளர்ந்தது.

விழுந்த அன்று காலையிலேயே மேல்மாடியில் விரிசல் பெரிதாகத் தெரிந்தது. எந்திரங்களை நிறுத்தினார்கள், மேல்மாடியை மூடினார்கள். கடையை மூடவில்லை. அன்று வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

நம் ஊரில் வெளி யூனிட்டை இடம் மாற்றும்போது நான்கு பேர் கடப்பாரையால் நெம்பி, "ஏலேலோ" போட்டு, மாடியில் பதித்த தட்டோட்டின் மேல் இழுத்துக்கொண்டு போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் எந்திரம் சின்னது. தளம் விழாது. ஆனால் அது போன தடத்தில் ஓடு நொறுங்கியிருக்கும். அடுத்த ஐப்பசியில் அந்தத் தடத்தில்தான் ஒழுகும். ஏசிக்காரரும் கொத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இருக்காது. இரண்டு ரசீதும் ஒரே மேசைக்குத்தான் வந்திருக்கும். ஒன்றுக்கொன்று உறவு என்று அங்கே யாருக்கும் தோன்றாது.

கூரைப் பாரத்துக்கு இன்னோர் உதாரணம். லாட்வியாவில் ரிகா நகரத்து சூப்பர் மார்க்கெட் ஒன்றின் கூரை 2013 நவம்பர் 21 அன்று சரிந்தது. 54 பேர் இறந்தார்கள். மீட்கப் போன தீயணைப்பு வீரர்களும் அதில் அடக்கம். கூரைமேல் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மண்ணும் கல்லும் மூட்டை மூட்டையாக மேலே ஏறியிருந்தன. கீழே கூரையைத் தாங்கிய இரும்புச் சட்டத்தின் இணைப்பு, வரைபடத்திலேயே தேவைக்குக் குறைவான வலுவோடு இருந்தது. கூரை சரிவதற்கு முன்பே அபாய மணி அடித்திருக்கிறது. வழக்கம்போல் தவறுதலாக அடிக்கிறது என்று வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். கட்டட வேலையும் கடையும் ஒரே நேரத்தில் நடக்கும் இடங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் தீபாவளிக்கு முன் மேல்மாடியில் இடித்துக் கட்டுவதும் கீழ்மாடியில் தள்ளுபடி விற்பனையும் ஒன்றாகத்தான் நடக்கின்றன.

கூரைமேல் ஏற்றும் பொருள் எடையில்லாததாக இருந்தாலும் ஆபத்துதான். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீற்றுக்கு எடையே இல்லை. மாடியில் இடம் சும்மா கிடக்கிறதே என்று போட்டதுதான். அதற்குப் பிறகும் மாடிக் கொட்டகை போடும் ஆசை நம்மை விடவில்லை. கீற்றுக்குப் பதில் இப்போது தகரம். தகரத்துக்கு உள்ளே அலங்காரத் துணியும் தெர்மாகோலும்.

இனி ஒழுகலுக்கு வருகிறேன். பலர் வந்ததே இதைக் கேட்கத்தான்.

பழைய கூரை முறையிலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் பாரிமுனைப் பக்கம் பழைய கடைக் கட்டடங்களில் மேலே அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகள் வரிசையாக இருக்கும். கட்டைகளின் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் ஓடவிட்டு, சுண்ணாம்புக் காரையில் பிடித்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அதற்கும் மேல் தட்டோடு. இதுதான் மெட்ராஸ் டெரஸ். கான்கிரீட் வந்தபின் கட்டை போனது. மேலே உள்ள சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் மட்டும் தங்கின. நம் பொதுப்பணித் துறை விவரக்குறிப்பில் அதற்கு விகிதமே உண்டு: 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு. மணல் கிடையாது.

அதைப் போட்ட விதத்தைப் பார்த்தவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பீர்கள். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றிப் புளிக்க விடுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். ஜல்லியைப் பரப்பி, வடிகுழாய்ப் பக்கம் வாட்டம் பிடித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். அது ஒரு நாள் வேலையல்ல. கட்டை பட்டால் ஜல்லி அமுங்காமல் எகிறும்வரை, நாள் கணக்கில் தட்டு. பிறகு ஒரு வாரத்துக்கும் மேல் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் ஓடு.

பழமை என்பதற்காக இதைப் புகழவில்லை. மூன்று காரியத்தை அது ஒருசேரச் செய்தது. வாட்டம் கொடுத்தது, வெயிலைத் தளத்துக்கு எட்டவிடாமல் தடுத்தது, வெயிலில் விரிந்து சுருங்கும்போது பெரிய விரிசலாகப் பிளக்காமல் விட்டுக்கொடுத்தது. சிமெண்டுக்கு இந்தக் கடைசிக் குணம் இல்லை. 30 மீட்டர் நீளக் கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நீளும். பகலில் கால் வைக்க முடியாத சூடு, சாயங்காலம் திடீர் மழை. இந்தப் போக்குவரத்து வருடம் முழுக்க நடக்கிறது. 45 மீட்டருக்கு மேல் நீளமான கட்டடத்துக்கு விரிவு இணைப்பு வேண்டும் என்று தரக் குறியீடு சொல்வது இதனால்தான். அப்படி விட்ட இணைப்பின் மேலேயே சிமெண்டைப் பூசி மெழுகிவிட்டு, "பிளவு தெரியாம அடைச்சாச்சு சார்" என்று பெருமையாகச் சொன்ன மேற்பார்வையாளரை நான் பார்த்திருக்கிறேன்.

சுண்ணாம்பு ஜல்லி ஏன் போயிற்று? ஆள் இல்லை, நேரம் இல்லை, நல்ல சுண்ணாம்பும் கிடைப்பது குறைந்துவிட்டது. கடை திறப்பு விழாவுக்கு முகூர்த்தம் குறித்தபின் தளம் தட்டிக்கொண்டிருக்க யாரும் விடமாட்டார்கள். அதனால் சிமெண்ட் கலவையால் வாட்டம் போட்டு, மேலே வெள்ளை கூல் டைல்ஸ் ஒட்டுகிறோம். அல்லது ரப்பர் மாதிரி மேல்பூச்சு. இவை மோசமான பொருள் என்று நான் சொல்லமாட்டேன். வெயிலைத் திருப்பி அனுப்புவதில் வெள்ளை டைல்ஸ் நல்ல வேலை செய்கிறது. கோளாறு வேலையின் வரிசையில் இருக்கிறது. விரிசலை அடைக்காமல், வாட்டத்தைச் சரிசெய்யாமல், மூலைக்கு வளைவு பிடிக்காமல், நேராக டப்பாவைத் திறந்து தூரிகையை எடுக்கிறார்கள். பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்பது டப்பாவில் எழுதியிருக்கிறது. அடியில் இருக்கும் தளத்தைப் பற்றி டப்பாவுக்கு என்ன தெரியும்?

இதைவிடப் பெரிய கேடு, பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியது போடுவது. ஒழுகியது, ஒரு தளம் போட்டார்கள். மறுபடி ஒழுகியது, அதன் மேல் இன்னொன்று. ஒரு கடைக் கட்டடத்தில் வடிகுழாய் வாயை வெட்டிப் பார்த்தபோது பழைய தட்டோடு, அதன் மேல் சிமெண்ட் தளம், அதன் மேல் மொசைக் துண்டு, அதற்கும் மேல் டைல்ஸ் என்று வரிசையாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாடகைக்காரர் காலத்தது. மூன்று அங்குலக் கான்கிரீட் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 180 கிலோ. தளத்துக்கு வைத்த மேற்பாரத்தைவிட அதிகம். ஒழுகலை நிறுத்தப் போட்டதே பாரமாகிவிட்டது. இடுக்குகளில் தண்ணீர் தேங்கி, வெயில் காலத்திலும் கீழே சொட்டியது. உரிமையாளர் மாயம் மந்திரம் என்றே சந்தேகப்பட்டார்.

தண்ணீர் உள்ளே போகும் இடமும் கீழே சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தளத்துக்குள் மின்சாரக் குழாய்கள் ஓடுகின்றன. கைப்பிடிச்சுவர் ஓரத்தில் நுழைந்த நீர் அந்தக் குழாயைப் பிடித்து நடு அறைக்கு வந்து, மின்விசிறிக் கொக்கியில் சொட்டும். "அண்ணாச்சி, ஃபேனுக்கு நேர் மேலே ஒடைச்சுப் பாத்துட்டோம், ஒண்ணும் தெரியல" என்பார் மேஸ்திரி. அண்ணாச்சியும், "இன்னும் கொஞ்சம் ஆழமா ஒடைங்க" என்பார். உடைக்க உடைக்க நல்ல தளம் கெட்டுப்போகும். முதலில் மழையில்லாத நாளில் ஒழுகுகிறதா என்று கேளுங்கள். ஒழுகினால் குற்றவாளி மழையல்ல. தொட்டி வழிவது, ஏசி வடிநீர், மேல்மாடிக் கழிவறை, இவற்றில் ஒன்று. குளிர்ந்த நீர்க் குழாயின் மேலுறை கிழிந்து வியர்ப்பதையும் ஒழுகல் என்று எண்ணி மாடியை உடைத்தவர்கள் உண்டு.

மழையில்தான் ஒழுகுகிறது என்றால் மாடியைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியிலும் தனித்தனியாகத் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கான்கிரீட் போட்ட புதிதில் ஈரம் காக்கப் பாத்தி கட்டுகிறோமே, அதே வேலைதான். ஒரு பாத்திக்கு ஒரு நாளாவது வேண்டும். முதல் பாத்தியில் கசியவில்லையென்றால் அடுத்தது. எந்தப் பாத்தியிலும் கசியவில்லை, மழைக்கு மட்டும் கசிகிறது என்றால் தளத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். கைப்பிடிச்சுவரின் வெளிப்பூச்சு, அதன் தலைப்பு, சுவரும் தளமும் சேரும் மூலை. என் அனுபவத்தில் இந்த மூலைதான் முதல் சந்தேக நபர். பொறுமை இல்லாதவருக்கு இந்த முறை பிடிக்காது. உடைக்கும் சத்தம் கேட்டால்தான் வேலை நடப்பதாகச் சிலருக்கு நம்பிக்கை வருகிறது.

வடிகுழாய்களைப் பற்றி நீட்டப் போவதில்லை. 1,000 சதுர மீட்டர் மாடியில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு மணியில் இறங்க வேண்டியது 50,000 லிட்டர். அதை ஒரு பிளாஸ்டிக் பையும், காக்கை போட்ட எலும்பும், காய்ந்த இலையும் சேர்ந்து நிறுத்திவிடும். ஒரு குழாய் அடைத்தாலும் தண்ணீர் வெளியேற, கைப்பிடிச்சுவரில் சற்று உயரத்தில் ஒரு தூம்பு விடுங்கள். தூம்பில் தண்ணீர் கொட்டினாலே குழாய் அடைத்திருப்பது தெருவில் போகிறவருக்கும் தெரியும்.

வணிகக் கட்டடத்துக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது, அதுதான் வினையும்: ஃபால்ஸ் சீலிங். வீட்டில் ஓதம் அடித்தால் மறுநாளே கண்ணில் படும். கடையில் பலகைக்கு மேலே வருடக்கணக்கில் நடப்பது கீழே தெரியாது. பலகையில் பழுப்பு வட்டம் தெரிந்தால் அந்தப் பலகையை மாற்றிவிடுவார்கள். மேலே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு பருமன் கொள்ளும். உள்ளிருந்து தள்ளிக் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளந்த இடத்தில் மேலும் நீர் போகும். கடற்காற்று நேராகப் படும் கட்டடத்தில் கம்பியைச் சுற்றி 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கு வேண்டும் என்கிறது தரக் குறியீடு. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைப்பதுதான் கவர் பிளாக். வாங்கிய கவர் பிளாக் மூட்டை பிரிக்காமல் ஓரமாகக் கிடக்க, கம்பிக்கு அடியில் ஆங்காங்கே ஜல்லியைச் செருகிக் கான்கிரீட் போட்ட இடங்கள் எத்தனை என்று இங்கே உள்ள சென்ட்ரிங் ஆட்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஒழுகலைப் பொறுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எலியட் லேக் என்று ஒரு சிறு ஊர். யுரேனியச் சுரங்கங்களால் வளர்ந்தது. அங்கே 1980இல் ஆல்கோ என்ற வணிக வளாகத்தைத் திறந்தார்கள். கூரையே கார் நிறுத்துமிடம். திறந்த காலத்திலிருந்தே ஒழுகியது. பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பு, கார்ச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு மேலே போய், தண்ணீரோடு கலந்து, முன்வார்ப்புப் பலகைகளின் இடுக்கு வழியாகக் கீழே இரும்புச் சட்டத்தில் இறங்கியது. வளாகத்துக்குள் இருந்த நூலகத்தில் புத்தகங்களை மூடிவைத்தார்கள். வாளிகள் வைத்தார்கள். தார்ப்பாய் கட்டினார்கள். உரிமையாளர்கள் மாறினார்கள், ஒவ்வொருவரும் ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள். முழுமையாகச் செய்ய வேண்டிய நீர்த்தடுப்பைச் செய்யச் செலவு அதிகம் என்று தள்ளிப்போட்டார்கள்.

முப்பது வருடத்துக்கும் மேல் இப்படியே ஓடியது. 2012 வசந்தத்தில் ஒரு பொறியாளர் பார்வையிட்டுக் கட்டமைப்பு உறுதியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். சில வாரங்களில், ஜூன் 23 சனிக்கிழமை பிற்பகலில், இரும்புச் சட்டத்தின் ஓர் இணைப்பு துருவேறி அறுந்து, கார் நிறுத்துமிடத்தின் ஒரு பகுதி கீழே விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். நீதிபதி பெலாஞ்சர் தலைமையில் விசாரணை நடந்து 2014இல் அறிக்கை வந்தது. பொருளின் தோல்வியைவிட மனிதர்களின் தோல்வியே இதில் பெரிது என்பது அதன் முடிவு. கடலே இல்லாத ஊரில் அந்த இரும்பு கடலோர இரும்பு போல அரித்திருந்தது. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நமக்கு உப்பை யாரும் தூவ வேண்டியதில்லை, காற்றே கொண்டுவருகிறது.

நம்மூரில் தளம் அப்படி ஒரேயடியாக விழுவது அரிது. காரை பெயர்ந்து ஒரு பாளமாக விழும். இரவில் விழுந்தால் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். காலையில் பூச்சுக்காரர் வந்து, துருவைச் சுரண்டாமல், கம்பியின் மேலேயே சிமெண்டை அப்பிவிட்டுப் போவார். வெள்ளையடித்ததும் கண்ணுக்குக் குளிர்ச்சி. துரு உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. கூரை வேலைக்கு ஏற்ற காலம் மாசி, பங்குனி, சித்திரை. எனக்குத் தொலைபேசி வருவது ஐப்பசியில். "இன்னைக்கே ஆள் அனுப்புங்க" என்பார்கள். ஈரத்தளத்தில் பூச்சு சரியாகப் பிடிக்காது என்று சொன்னால், பிடிக்கும் என்று சொல்லும் வேறொருவரைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் பூசுவார். தை மாதம் அது அப்பளம் போல் உரியும். பத்து வருட உத்தரவாதப் பத்திரம் மேசை இழுப்பறையில் இருக்கும். எழுதிக்கொடுத்தவரின் எண் அணைக்கப்பட்டிருக்கும். குறைந்த விலைப்புள்ளிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அரசு அலுவலகத்துக்கு இருக்கலாம். கையில் காசுள்ள கடைக்காரர் ஏன் அதையே விரும்புகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக, கூரைமேல் ஏறுகிறவர்களைப் பற்றி. இதை முதலில் பேசியிருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். கலைந்துபோகும் நேரத்தில் சொன்னால்தான் மனத்தில் நிற்கும் என்று பின்னால் வைத்தேன்.

கிடங்குகளிலும் அரிசி ஆலைகளிலும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மாற்றும் வேலை நிறைய நடக்கிறது. அந்த ஷீட் ஆள் கனத்தைத் தாங்காது. வயதான ஷீட் சொல்லாமல் உடையும். வெளிச்சத்துக்காக இடையிடையே போட்ட கண்ணாடி போன்ற ஷீட்டுகள் இன்னும் மோசம். தூசி படிந்து, மேலே பெயிண்டும் அடித்துவிட்டால் மற்றதிலிருந்து பிரித்தறிய முடியாது. அனுபவசாலி போல்ட் வரிசையைப் பார்த்து, அடியில் இரும்பு ஓடும் கோட்டில்தான் கால் வைப்பார். புதிதாக வந்த பையனுக்கு அது தெரியாது. ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்திருப்பான். "ஏ தம்பி, ஓரமா வா" என்று மேஸ்திரி தமிழில் கத்துவார். எது ஓரம்? கட்டடத்தின் ஓரமா, ஷீட்டின் ஓரமா?

ஷீட்டின் மேல் கால் படாமல் நடக்கப் பலகை போடலாம். அடியில் வலை கட்டலாம். கூரையின் முகட்டில் கயிறு ஓடவிட்டு பாதுகாப்புப் பட்டையை மாட்டலாம். பட்டை என்றால் முழு உடலையும் பிடிக்கும் பட்டை. பல இடங்களில் அது இருக்கிறது, ஆனால் மாட்ட இடமில்லாமல் ஆளின் முதுகில் அலங்காரமாகத் தொங்குகிறது. சட்டம் இல்லாமல் இல்லை. கட்டடத் தொழிலாளர் பாதுகாப்புக்கு 1996இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலவரியாகக் கட்டுகிறோம். ஆனால் "கூரை ரிப்பேர், சின்ன வேலை, மூணு நாள்" என்று வாய்மொழியாகப் பேசி முடிப்பது சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. உரிமையாளர் ஒருவரிடம் கொடுக்கிறார், அவர் இன்னொருவரிடம், அவர் சதுர அடிக் கணக்கில் வேறொருவரிடம். விழுந்தவன் யாருடைய ஆள் என்று கேட்டால் மூவரும் தெருவைப் பார்ப்பார்கள்.

இந்தச் சங்கிலியில் மேலே உட்கார்ந்திருப்பவர் கட்டட உரிமையாளர். அவர் கேட்டால் நடக்கும். எனவே கடைக்காரர்களே, மண்டப உரிமையாளர்களே, அடுத்த முறை கூரை வேலைக்கு விலைப்புள்ளி வாங்கும்போது பலகை, வலை, கயிறு, பட்டை ஆகியவற்றின் செலவைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதாமல் கொண்டுவந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். மற்ற வரிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசிக்கொள்ளுங்கள். இந்த வரியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.